காவலுக்குப் போட்ட வெங்காயம்

பூமிக்குள் தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று திருச்செங்கோட்டு ரிக் முதலாளிகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொந்தப் பிள்ளைகளின் வாயில் தமிழ் எந்த ஆழத்துக்கு இறங்கிவிட்டது என்பதுதான் அவர்களுக்கு எண்பத்தேழாம் வருசம் வரை தெரியாமல் இருந்தது.

போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளை ஓட்டிக்கொண்டு மத்தியப் பிரதேசம், ஒரிசா என்று போனவர்கள், போன இடத்தில் வீடு பிடித்துக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, அந்த ஊர்த் தெருவில் விளையாடி வளர்ந்தன. ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில், ரிக் முதலாளிகள் சங்கத் தலைவர் செங்கோட்டையனிடம் அவருடைய பேரன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். இந்தியில் கேட்டான். நாடு முழுக்கத் தோண்டித் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனுசனுக்கு, பேரன் கேட்டது தண்ணீர் என்று புரியவில்லை. பந்தி முடிவதற்குள் அவர் சங்கத்தைக் கூட்டிவிட்டார்.

அப்படிப் பிறந்ததுதான் தமிழ் முகாம். மே மாதம் முழுக்க, சங்ககிரி ரோட்டில் அவருடைய கல்யாண மண்டபத்தில். முகூர்த்த வருமானம் போனாலும் போகட்டும், மொழி இருந்தால் போதும் என்று அவர் முதல் நாள் சொன்னார். முகாம் முடிகிறவரை தினமும் ஒருதரம் சொன்னார்.

பாடம் நடத்தப் புலவர் அருணகிரி வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அறுபத்தைந்தில் இந்தியை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் முன்வரிசையில் போய், போலீஸ் தடியில் ஒரு தோள் இறங்கியவர். அந்தத் தோளைக் காட்டாமல் அவர் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. எழுத்து எத்தனை வகைப்படும் என்று ஆரம்பித்தார். அவர் வகைப்படுத்திக்கொண்டே போக, பிள்ளைகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்து தூங்கின. தூங்காத பிள்ளைகள் பின்வழியாகச் சமையல்கட்டுக்குப் போய், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து இது என்ன, அது என்ன என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தன. இதைச் செங்கோட்டையன் பார்த்துவிட்டார். தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் குழி போட வேண்டும் என்பது அவருடைய தொழில். வகுப்பை அடுப்படிக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

சட்டம் ஒன்றுதான். பொருளின் பெயரைத் தமிழில் சொன்னால் அது பானைக்குள் போகும், சொல்லாவிட்டால் போகாது. முதல் நாள் ஒரு பிள்ளைக்கும் உப்பு என்று சொல்ல வரவில்லை. புலியம் என்றான் ஒருவன், புளியும் போகவில்லை. அன்றைய ரசத்தைப் புலவரும் சேர்ந்துதான் குடித்தார். மறுநாள் விடிவதற்குள் உப்பு, உப்பு என்று முப்பது வாய்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தன.

அந்த அடுப்படி பாப்பாயியுடையது. வருசத்தில் பத்து மாதம் அவள் சத்துணவுக் கூடத்தில் ஆயா; பள்ளி லீவு விட்டால் மண்டபத்து அடுப்பு. முப்பத்து நாலு வயசு. சங்ககிரி மலையடியில் கடலைக்காட்டுக் களையெடுப்பில் வளர்ந்தவள், கிணறு வெட்டுகிறவனுக்கு வாக்கப்பட்டாள். புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே ரேசன் கார்டு எழுத வந்த அதிகாரியிடம்கூட அடுத்த வீட்டுக்காரியை விட்டுத்தான் சொல்ல வைத்தாள். நமக்கு அந்தப் பயம் இல்லை. அவன் பெயர் கந்தவேல்.

கல்யாணமான புதுசில் அவள் வைத்த அரிசிம்பருப்புச் சோறு தினமும் அடிப்பிடித்தது. ஒருநாள் தோல் உரிக்காத சின்ன வெங்காயம் ஒன்று கைதவறி உலைக்குள் விழுந்தது. அதை எடுக்கலாம் என்று மூடியைத் திறந்தபோது, தோல் வெடித்து வெங்காயம் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. சோறும் பதமாக இருந்தது. அன்றிலிருந்து, உரித்த வெங்காயம் எத்தனை போட்டாலும், உரிக்காதது ஒன்றைப் போடுவது அவள் வழக்கமாயிற்று. கந்தவேல் அதற்குக் காவல்காரன் என்று பெயர் வைத்தான். தட்டில் காவல்காரன் வந்து உட்கார்ந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பான். வேறு எந்தச் சமையல் காரியமும் அவனுக்குத் தெரியாது. வெந்நீர் வேண்டுமென்றாலும் வாசலில் நின்று கேட்கிற ஆள்.

போர்வெல் வந்து கிணற்று வேலை படுத்தது. எந்த ரிக் தன் வேலையைப் பிடுங்கியதோ அதிலேயே ஹெல்ப்பராய் ஏறிப் போனான் கந்தவேல். ஏறினவன் குழி போடுகிற டிரில்லராகவும் ஆனான். வடக்கே மழை பிடித்தால் குழி போட முடியாது. ஆடியில் வண்டிகள் ஊர் திரும்பும். ரோட்டில் வரிசையாய் வண்டி நிற்கும், சபாரி சட்டையும் புது வாட்சுமாய் ஆட்கள் இறங்குவார்கள், ஊர் முழுக்கக் கறிக்குழம்பு மணக்கும். அந்த மாசத்துக்காக மற்ற மாசங்களைத் தள்ளிக்கொண்டு வாழ்கிற பெண்கள் நிறையப் பேர். பாப்பாயியும் அதில் ஒருத்தி.

மூன்று ஆடியாய் அவன் வரவில்லை. வீட்டுச் செலவுக்கு மட்டும் ராய்ப்பூரிலிருந்து முதலாளியின் மேனேஜர் மணியன் கையில் பணம் வந்துகொண்டிருந்தது. கூடப் போன ஆட்களைக் கேட்டால், கந்தவேல் நல்லா இருக்கறான், மொதலாளி ஊட்டோட தங்கிட்டான் என்று சொல்லிவிட்டு மண்ணைப் பார்ப்பார்கள். ஒரு ஆள் மண்ணைப் பார்த்தால் சந்தேகம். எல்லா ஆளும் மண்ணைப் பார்த்தால் ஊருக்கு அதுதான் சாட்சி. ராய்ப்பூரில் அவனுக்கு இன்னொரு குடும்பம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பிள்ளை இல்லாத வீடு வேறு. காரணத்தைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. அந்தப் பொம்பளையின் நிறம், உயரம், மூக்குத்தி இருக்கிற பக்கம் வரை ஊரில் பேச்சாயிற்று.

பாப்பாயி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஆடி பிறந்தால் மட்டும் ரோட்டோரமாய்ப் போய் நிற்பாள். கடைசி வண்டியும் போன பிறகு, அடுத்த வருசத்துக்கு இன்னும் எத்தனை மழை என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு திரும்புவாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவன் வருவானா, மாட்டானா. மாட்டான் என்றால் அதையாவது யாராவது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ராய்ப்பூர்ப் பிள்ளைகளும் முகாமுக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டதும் அவள் அடுப்புக்குச் சம்மதித்தது அதனால்தான். வந்ததில் யமுனா என்று ஒரு பெண். கந்தவேலின் முதலாளி தங்கசாமியின் மகள், பத்து வயசு. தாய் தவறிப்போய், ராய்ப்பூர்க்கார ஆயா கையில் வளர்ந்தது. அதன் தமிழ் ஆமா, இல்லை, சாப்பாடு என்பதோடு முடிந்துபோகும். ஊரிலேயே பாப்பாயிக்குச் சேதி சொல்லக்கூடிய ஒரே நேர்மையான வாய் அது. அந்த வாயில் தமிழ் இல்லை.

ஆகவே பாப்பாயி பாடம் நடத்த ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகளுக்குக் கத்திரிக்காய், கொத்தமல்லி என்று போய்க்கொண்டிருக்க, யமுனாவுக்கு மட்டும் யாரு, எங்க, எப்ப. முருங்கைக்காயைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்காமல், முருங்கைக்காயை ஆரு நறுக்குனது என்று கேட்பாள். வினாச் சொற்களிலிருந்து தொடங்குவது மிக உயர்ந்த பயிற்று முறை என்று புலவர் கூட்டத்தில் பாராட்டினார். கூட மாவாட்ட வந்திருந்த ராசாத்திக்குத்தான் அந்த முறையின் உள்விவரம் தெரியும்.

"ஏனக்கா, அந்தக் கொழந்தைய வக்கீலுக்குப் படிக்க வெக்கறயா?" என்றாள்.

பத்து நாளில் பிள்ளைக்குக் கேள்வி புரிய ஆரம்பித்தது. உன்ற அப்பங்கிட்ட ஆரு ஆரு வேலை செய்யறாங்க என்று ஒருநாள் பாப்பாயி பருப்பைக் களைந்துகொண்டே கேட்டாள். யமுனா விரலை மடக்கிக்கொண்டு சொன்னது: ராம்சரண், பப்பு, சோட்டு, மகராஜ். அதில் அவளுடைய ஆள் இல்லை. இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். இன்னொருதரமும் இல்லை. பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டால் ஒரு நிமிச வேலை என்று அவளுக்கும் தெரியும். மூன்று வருசமாய்க் கண்ணில் படாத ஆளின் ஆயுசிலும் குறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அரிசிம்பருப்பு நாள் வந்தது. குழுவுக்கு ஒரு பானை, ஒரு அடுப்பு. யமுனா தன் பானைக்கு அரிசி, பருப்பு, பூண்டு, சீரகம், தக்காளி எல்லாவற்றையும் பிசகாமல் சொல்லிப் போட்டது. மஞ்சளும் போட்டது. மூடப்போகிற நேரம், யாரும் சொல்லாமலே கூடையிலிருந்து உரிக்காத சின்ன வெங்காயம் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நடு உலையில் விட்டது.

"தோலோட போடறயே அம்முணி" என்று ராசாத்தி பானைக்குள் கையை நீட்டினாள்.

யமுனா அவள் கையைத் தட்டிவிட்டு, "சௌகிதார்" என்றது.

பாப்பாயிக்கு அந்தச் சொல் தெரியாது. அந்த வெங்காயம் தெரியும். கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். உச்சரிப்பைத் திருத்துவதற்காகப் பக்கத்தில் நின்றிருந்த புலவர், வாத்தியார் பழக்கத்தில், சொல் காதில் விழுந்ததும் பொருள் சொல்லிவிட்டார்:

"காவல்காரன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ராசாத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புலவரய்யாவுக்கு இந்தி வருமாட்டம் இருக்குதுங்க."

எதிரியின் ஆயுதத்தையும் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். சின்ன வயசில் ஏதோ ஒரு பரீட்சை எழுதியதாகவும் முணுமுணுத்தார். இறங்கிய தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதற்குள் பாப்பாயி தரையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தவர், பேச்சை நிறுத்திக்கொண்டு அவருமே மனைப்பலகை ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஆரு சாமி சொல்லிக் குடுத்தாங்க?" என்று பாப்பாயி பிள்ளையைக் கேட்டாள்.

அந்தக் கேள்வி யமுனாவுக்கு நன்றாகப் புரிந்தது. அதற்காகத்தானே பத்து நாள் பயிற்சி. "மகராஜ்" என்றது.

அரசர் என்று மொழிபெயர்த்துவிட்டு, அடுத்த மூச்சில் புலவரே தாழ்ந்த குரலில் விளக்கினார்: அந்தப் பக்கத்தில் வீட்டுச் சமையல்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பாப்பாயி இல்லை என்று தலையாட்டினாள். அவளுடைய ஆள் டிரில்லர். தண்ணீர் காய வைக்கக்கூடத் தெரியாத ஆள். வேறு யாரோ பார்த்து, வேறு யாரோ சொல்லி, வெங்காயம் அங்கே போயிருக்கும். உன் கணவர் பெயர் என்னம்மா என்று புலவர் கேட்டார். பாப்பாயி ராசாத்தியைப் பார்த்தாள். கந்தவேலுங்க என்று ராசாத்தி சொன்னாள். யமுனா உதட்டைப் பிதுக்கியது. மகராஜுக்கு மகராஜ் என்றுதான் பெயர், வேறு பெயர் கிடையாது. இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய பெயரை அவிழ்த்துப் போட்டும் ஒரு காரியமும் ஆகவில்லை.

ஆனால் பிள்ளை விடவில்லை. தெரிந்த தமிழை எல்லாம் திரட்டிக்கொண்டு, இடது புருவத்தின் மேல் விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டியது. கிணற்றுப் பாறைக்கு வெடி வைத்தபோது கந்தவேலுக்குப் பட்ட காயம் அது. அந்த இடத்தில் மயிர் முளைக்கவே இல்லை.

"மகராஜ்... காது இல்லை" என்றது.

"காதே இல்லீங்களா?" பாப்பாயி எழுந்துவிட்டாள்.

அப்புறம் யமுனா இந்தியில் சொல்ல, புலவர் வெட்கத்தை விட்டுவிட்டு வரி வரியாய்த் தமிழில் சொன்னார். காது இருக்கிறது, கேட்பதில்லை. கம்ப்ரசர் சத்தத்திலேயே வருசக்கணக்கில் நின்று, முதலில் ஒரு காதும் பிறகு மற்றதும் அடைத்துப்போயின. துளை போடுகிற ராடு இறங்கும்போது கல் மாறுகிற சத்தத்தைக் கேட்கத் தெரியாதவன் டிரில்லராக இருக்க முடியாது. அடுப்புக்குக் காது வேண்டியதில்லை. தங்கசாமி அவனைத் தன் வீட்டுச் சமையல்கட்டில் வைத்துக்கொண்டார். வந்த புதுசில் அவன் வைத்த சோறு தினமும் கருகியதாம். பிறகு ஒருநாள் இந்த வெங்காயத்தைப் போட ஆரம்பித்தானாம்.

பாப்பாயி பிள்ளையின் முன்னால் குனிந்தாள். பிறகு தமிழிலேயே, மெதுவாக, பிள்ளைக்குப் புரிகிற சொல்லாய்ப் பொறுக்கிக் கேட்டாள்.

"அந்தக் காவல்காரனை ஆரு சாமி திம்பாங்க? நீயா?"

"இல்லை." யமுனா யோசித்து யோசித்து ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்தது. "யாரும் இல்லை. மகராஜ் எடுப்பார். வேற தட்டு. வைப்பார்."

யாருக்காக வைப்பார் என்று கேட்டுச் சொல்லட்டுமா என்றார் புலவர்.

"வேண்டாமுங்க. எனக்குப் புரிஞ்சுதுங்க" என்றாள் பாப்பாயி.

அன்றைக்கு முகாமில் எல்லாப் பானையும் அடிப்பிடித்தது. பிள்ளைகள் தீய்ந்து போனது என்கிற சொல்லைப் படித்துக்கொண்டன.

மேனேஜர் மணியனைப் பிடித்து உட்கார வைத்தபோது, அவரும் வழக்கம்போல மண்ணைத்தான் பார்த்தார். மண்டபத்தில் மொசைக் தரை. பார்ப்பதற்கு அதிகம் இல்லாததால் உண்மையைச் சொன்னார். ஊருக்குச் சொல்லக்கூடாது என்று அவன் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறான். டிரில்லராகப் போனவன், இன்னொருத்தர் வீட்டு அடுப்பில் நிற்கிறான் என்று சொன்னால், ஆடி மாசம் சபாரி சட்டைகளுக்கு நடுவே எப்படி இறங்குவான். "வந்தா ஊரே ஒண்ணொண்ணு கேக்கும். கேக்கறது எனக்குக் கேக்காது. பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கோணுமான்னு கேட்டான்" என்றார் மணியன்.

இந்தச் சேதியில் ஊருக்குப் பெரிய ஏமாற்றம். ராய்ப்பூர்க்காரிக்கு மூக்குத்தி வரை போட்டு வைத்திருந்தவர்கள் அதைக் கழற்ற மனமில்லாமல் தவித்தார்கள். இரண்டாவது குடும்பம் வைத்தவன் என்றால் ஊர் ஒரு நிமிசத்தில் நம்பும், உள்ளுக்குள் கொஞ்சம் மரியாதையும் கொடுக்கும். கல்யாணப் பந்திக்குச் சமைக்கிற ஆணைப் பார்த்திருக்கிறது. தினமும் ஒரு பிள்ளைக்குச் சோறு ஆக்கித் தட்டு கழுவுகிற ஆணைப் பற்றி அதற்கு என்ன நினைப்பது என்று தெரியவில்லை. ராசாத்தியே வருத்தப்பட்டாள். "சக்களத்தின்னா போயி மயிரைப் புடிச்சுச் சண்டையாச்சும் போடலாம். கரண்டிகிட்ட என்னக்கா பண்ணுவ?"

பாப்பாயிக்கு வருத்தம் வேறு மாதிரி. மூன்று வருசமாய் ரோட்டோரத்தில் அவள் நின்றபோதெல்லாம், தூரத்தில் ஒருவன் அவள் சமையலை நினைவிலிருந்து எடுத்து எடுத்துச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறான். கோபப்படலாம் என்று பார்த்தாள். கோபம் வருவதற்குள் அந்த வேறு தட்டு ஞாபகத்துக்கு வந்துவிடும். இரவில் படுத்தால், அதில் வைத்த வெங்காயம் ஆறிப்போகுமே என்று இருக்கும்.

முகாம் முடிகிற வாரம் அவள் செங்கோட்டையன் முன்னால் போய் நின்றாள். ராய்ப்பூர்ப் பிள்ளைகளை மணியன் ஒருத்தர் ரயிலில் கூட்டிப்போவது சரிப்படாது, வழியில் சோறு தண்ணி பார்க்கத் தான் போகிறேன் என்றாள். பொம்பளை ஒண்டியாய் அத்தனை தூரமா என்றார் அவர்.

"இத்தனை கொழந்தைக கூட வர்றப்ப ஒண்டி எங்கீங்க?" என்றாள்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, முகூர்த்த வருமானத்தைப் பற்றிச் சொன்னார். புலவர் வழியனுப்பச் சேலம் ஜங்ஷனுக்கே வந்தார். தேவைப்படும் என்று நாலு இந்தி வார்த்தைகளை, யார் காதிலும் விழாமல், ஜன்னல் கம்பியோரம் குனிந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வண்டி நகர்ந்ததும் துண்டால் தோளை மூடிக்கொண்டு நடந்தார்.

மூன்று வண்டி மாறினார்கள். கட்டுச்சோறு தீர்ந்தது, சூடேறிய தண்ணீர் குடித்தார்கள், தெரியாத ஊர்ப் பலகைகளைப் பிள்ளைகள் அவளுக்குப் படித்துக் காட்டின. வழி முழுக்க அவள் அவனிடம் கேட்க வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு போனாள். ஏன் சொல்லவில்லை என்பது முதலில். என்னை யாருன்னு நெனச்சீங்க என்பது அடுத்து. ஊருக்கு வாரீங்களா மாட்டீங்களா என்பது கடைசியில், கொஞ்சம் தணிந்த குரலில். ராய்ப்பூர் ஸ்டேசனில் இறங்கிக் கால் வைத்தபோதுதான், இதில் எந்தக் குரலும் அவனுக்கு ஒன்றுதான் என்பது உறைத்தது.

தங்கசாமி வீட்டில் யமுனா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டுக்கு ஓடியது. பாப்பாயி நிலைப்படியில் நின்றாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தான். பிடரி நரைத்திருந்தது. பனியனில் மஞ்சள் கறை. கூப்பிட்டால் திரும்பமாட்டான் என்பதால், வேண்டியமட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிள்ளை அவன் பனியனைப் பிடித்து இழுத்தது. திரும்பினான். பார்த்தான். முதல் காரியமாகக் கையிலிருந்த கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அதிலிருந்து பருப்பு சொட்டி அவன் காலடியில் விழுந்தது. அவன் அதைக்கூடப் பார்க்கவில்லை.

பாப்பாயி உள்ளே போய்ச் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் தனியாய்க் கவிழ்த்து வைத்திருந்த தட்டு ஒன்றை நிமிர்த்தித் தன் முன்னால் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

கரண்டி மெதுவாய் முன்னால் வந்தது. அவன் குனிந்து சோறு போட்டான், பருப்பு ஊற்றினான், எட்ட நின்றுகொண்டான். அவள் பிசைந்து சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் குறைச்சல். ஒவ்வொரு வாய்க்கும் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிறவனைப் போல.

ஊருக்கு வா என்று கையால் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்தாள். வா என்பதற்குக் கை இருக்கிறது. ஊருக்கு என்பதற்கும், பரவாயில்லை என்பதற்கும், அந்தச் சபாரி சட்டைகளைத் தள்ளுங்க என்பதற்கும் கை தெரியவில்லை. பிள்ளையைக் கேட்டால் ஏதாவது வழி சொல்லும். ஆனால் அது சாப்பாட்டுக்கு அப்புறம்.

"காத்தால இருந்து ஒண்ணும் திங்கலயாட்டம் இருக்குது" என்றான் கந்தவேல். தன் குரல் தனக்கே கேட்காததால் வீடே அதிரும்படி சொன்னான். "இன்னொருக்கா போடட்டுமா?"

பாப்பாயி தட்டை நீட்டினாள்.